மாலகாவின் கடிகாரம்: கோஸ்டா டெல் சோல் செல்லும் சென்னைவாசிக்கு ஒரு வழிகாட்டி

சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்குச் சுற்றுலா செல்பவர்கள் ஸ்பெயினுக்கு ஒதுக்குவது பெரும்பாலும் நான்கு இரவுகள்தான்: இரண்டு பார்சிலோனாவுக்கு, இரண்டு மாட்ரிட்டுக்கு. தெற்குக் கடற்கரையைப் பற்றிப் பேச்செடுத்தால், "கடலைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா, 29சி பஸ்ஸில் ஏறினால் பெசன்ட் நகர் வந்துவிடாதா?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. வெறும் கடலும் மணலும்தான் தேவை என்றால் போக வேண்டியதில்லை. மாலகா நகரக் கடற்கரையின் மணல் சாம்பல் நிறத்தில் சற்றுக் கரகரப்பாகவே இருக்கும். நம் மெரினா மணலே அதைவிட மேல். அங்கே போய்ப் பார்க்க வேண்டியது, வெயிலோடு சண்டை போடாமல் அதற்கேற்ப ஒரு நாளையே வேறு விதமாக மடித்து வைத்துக்கொண்ட மனிதர்கள் எப்படி உண்கிறார்கள், பாடுகிறார்கள், சாமி தூக்குகிறார்கள் என்பதைத்தான்.

ஸ்பெயினின் தென்கோடியில், அண்டலூசியாவைச் சேர்ந்த மாலகா மாகாணத்தின் கரையோரத்துக்கே கோஸ்டா டெல் சோல் என்று பெயர். சூரியக் கரை என்று பொருள். 1950-கள் வரை மாலகா நகரத்தைத் தவிர மற்றவை பெரும்பாலும் சிற்றூர்களாகவும் மீனவர் கிராமங்களாகவும் இருந்தன. 1959-இல் டோரெமோலினோஸில் பெஸ் எஸ்பாதா என்ற சொகுசு ஹோட்டல் திறக்கப்பட்டதையொட்டி அடுக்குமாடி விடுதிகள் வரிசையாக எழுந்தன. நகரத்துக்கு மேற்கே உள்ள டோரெமோலினோஸ், ஃபுவென்ஹிரோலா, மார்பேயா ஆகியவை இன்று விடுதிகளும் நெரிசலுமாக இருக்கின்றன. கிழக்கே நெர்ஹா வரையிலான கரை ஒப்பீட்டளவில் அமைதியானது. என் யோசனை இதுதான்: மாலகா நகரத்திலேயே ஒரே அறையில் ஏழு இரவுகள் தங்குங்கள், பெட்டியை ஒரே ஒரு முறை மட்டும் பிரித்து அடுக்குங்கள், மற்ற ஊர்களுக்குக் காலையில் போய் இரவில் திரும்புங்கள்.

எப்போது போவது, எப்படிப் போவது

ஏப்ரல் முதல் ஜூன் வரையும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் நல்ல பருவம். ஆகஸ்டில் பகல் வெப்பம் வழக்கமாக 30 டிகிரியை ஒட்டி நிற்கும்; கத்திரி வெயிலில் வளர்ந்தவர்களுக்கு அது ஒன்றுமில்லை என்று தோன்றலாம். ஆனால் உள்நாட்டு மலைகளிலிருந்து கடலை நோக்கி வீசும் 'தெரால்' என்ற வறண்ட காற்று வந்துவிட்டால் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். நம் ஊரில் பிற்பகல் கடற்காற்று தாமதமாகும் நாளில் என்ன பாடு படுகிறோமோ, அதே பாடுதான் அங்கும். குளிர்காலப் பகல்கள் 17 டிகிரி அளவில் இதமாக இருந்தாலும் மாலையில் ஸ்வெட்டர் வேண்டும்.

ஸ்பெயினுக்குத் தேவை, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாட்களுக்குக் குறையாமல் விண்ணப்பித்தாக வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு 45 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பல நாடுகளுக்குச் செல்வதாக இருந்தால் எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பள்ளி விடுமுறைக் காலத்தில் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு என்பதால், மே மாதப் பயணத்துக்குப் பொங்கல் முடிந்த கையோடு வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

சென்னையிலிருந்து மாலகாவுக்கு நேரடி விமானம் கிடையாது. வளைகுடா நகரம் ஒன்றின் வழியே மாட்ரிட் சென்று, அங்கிருந்து அதிவேக ரயிலில் மாலகா போவதே எனக்குப் பிடித்த வழி. சென்னைக்கும் மதுரைக்கும் இடையேயான தூரத்தை ஒட்டிய அந்தப் பயணம் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கடைசி ஒரு மணி நேரம் முழுக்க ஜன்னலுக்கு வெளியே ஆலிவ் மரங்கள் நெற்றிப் பொட்டுகளைப் போல வரிசையாக நிற்கும். மாலகா விமான நிலையத்திலேயே இறங்குகிறவர்கள் டாக்ஸி தேட வேண்டியதில்லை. நம் கடற்கரை–தாம்பரம் ரயிலைப் போல அங்கே சி1 என்ற புறநகர் ரயில் நகர மையத்திலிருந்து விமான நிலையம், டோரெமோலினோஸ், பெனால்மாடெனா வழியாக ஃபுவென்ஹிரோலா வரை ஏறத்தாழ இருபது நிமிடத்துக்கு ஒன்று வீதம் ஓடுகிறது. மார்பேயாவுக்கு ரயில் இல்லை, பஸ்தான்.

தங்குமிடம் பற்றி ஒரு வார்த்தை. நகர மையத்தின் குடியிருப்புகள் பல சுற்றுலா வாடகை வீடுகளாக மாறி, உள்ளூர்க்காரர்களுக்கு வீடு கிடைக்காமல் போனதை எதிர்த்து 2024 ஜூனில் ஆயிரக்கணக்கானோர் மாலகாவில் ஊர்வலம் போனார்கள். ஹோட்டலில் தங்குவது அல்லது பதிவு எண் உள்ள வீட்டை மட்டும் எடுப்பது, இரவு பதினோரு மணிக்கு மேல் படிக்கட்டில் பெட்டியை உருட்டாமலிருப்பது ஆகியவை அந்த ஊருக்கு நாம் காட்டக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.

முதலில் கடிகாரத்தை மாற்றுங்கள்

முதல் முறை போனபோது நாங்கள் செய்த பெரிய தவறு இதுதான். நானும் மனைவியும் அம்மாவும் மாலை ஏழு மணிக்குப் பசியோடு ஓர் உணவகத்தில் போய் உட்கார்ந்தோம். மேசைகள் இருந்தன, பணியாளர் இருந்தார், சாப்பாடு மட்டும் இல்லை. சமையலறை எட்டரைக்குத்தான் திறக்கும் என்று கைவிரலால் கடிகாரத்தைக் காட்டினார். அன்றைய இரவுணவு உருளைக்கிழங்கு சிப்ஸோடு முடிந்தது. வெளியே அப்போதும் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

இதற்குக் காரணம் இருக்கிறது. நில அமைப்பின்படி ஸ்பெயின் லண்டனோடு ஒரே நேரத்தில் இருக்க வேண்டிய நாடு. 1940-இல் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி கடிகாரத்தை ஜெர்மனியின் நேரத்துக்கு மாற்றியது. பிறகு அது திரும்பவேயில்லை. அதனால் ஜூன் இறுதியில் மாலகாவில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை மணிக்கு மேல் ஆகிறது. மக்கள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, சூரியனைப் பார்க்கிறார்கள். ஆகவே மதிய உணவு இரண்டிலிருந்து நான்கு மணி வரை. சிறு கடைகள் இரண்டு முதல் ஐந்து வரை அடைத்திருக்கும். இரவுணவு ஒன்பதுக்கு மேல். குழந்தைகள் பதினோரு மணிக்கும் சதுக்கத்தில் பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

சென்னையிலிருந்து போகிறவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. கோடையில் அவர்கள் நேரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியது என்பதால், முதல் இரண்டு நாட்கள் விடிகாலையிலேயே விழிப்பு வந்துவிடும். அந்த விழிப்பை வீணாக்காமல் எட்டு மணிக்கு ஊர் பார்க்கக் கிளம்பி, ஒரு மணிக்குள் கோட்டையையோ அருங்காட்சியகத்தையோ முடித்து, இரண்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, வெட்கப்படாமல் படுத்துத் தூங்குங்கள். நம் தாத்தாக்கள் திண்ணையில் செய்த அதே காரியம்தான். ஆறு மணிக்கு எழுந்து குளித்துவிட்டு வெளியே வந்தால், உங்களுக்கு இன்னொரு முழு நாள் மிச்சமிருக்கும்.

அந்த இரண்டாவது நாளில்தான் 'பிஸ்னாகா' விற்பவரைக் காண்பீர்கள். கோடை மாலைகளில் வெள்ளைச் சட்டையும் இடுப்பில் சிவப்புத் துணியுமாக வருவார். கையில் ஒரு சப்பாத்திக்கள்ளி மட்டை, அதன் மேல் குத்தி வைத்த வெள்ளை உருண்டைகள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் அவை மல்லிகை. ஒரு வகைக் காட்டுச் செடியின் குடை போன்ற பூங்கொத்தைக் காயவைத்து, அதன் ஒவ்வொரு ஈர்க்கிலும் ஒவ்வோர் அரும்பைக் கோத்துச் செய்கிறார்கள். அரும்பாக இருக்கும்போதே பறித்துக் கோப்பதால், இருட்டும் வேளையில் எல்லாம் ஒன்றாக மலர்ந்து உருண்டையாகிவிடும். மயிலாப்பூர் மாட வீதியில் முழம் போட்டு வாங்கிய அம்மா, நாரில்லாமல் பூக்கட்டும் இந்த வித்தையைக் கையில் வைத்து நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, விற்றவர் சிரித்துக்கொண்டே தன் காதோரத்தைத் தொட்டுக் காட்டினார். அறைக்குக் கொண்டுபோனால் அன்றிரவு முழுவதும் மணக்கும். மறுநாள் காலையில் பழுப்பாகிவிடும்.

சாப்பாடு

மீன் உண்பவர்களுக்கு இது சொர்க்கம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நகரத்துக்குக் கிழக்கே பெத்ரெகாலெஹோ, எல் பாலோ என்ற பழைய மீனவர் குப்பங்கள் இருக்கின்றன. அங்கே கடற்கரைச் சாப்பாட்டுக் கடைகளின் முன்னால் மணல் நிரப்பிய பழைய படகு ஒன்று நிற்கும். அதில் ஆலிவ் விறகு எரியும். மத்தி மீன்களை ஒரு நாணல் குச்சியில் வரிசையாகக் கோத்து, கல்லுப்பை மட்டும் தூவி, நெருப்பின் மேல் அல்லாமல் அதன் ஓரத்தில், காற்று வீசும் பக்கத்தைப் பார்த்துச் சாய்வாக நட்டுவிடுவார்கள். அதற்கு 'எஸ்பேத்தோ' என்று பெயர். மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட் ஆகிய நான்கு மாதங்களின் ஸ்பானியப் பெயர்களில் மட்டும் 'ர' ஒலி வராது. அந்த 'ர' இல்லாத மாதங்களில்தான் மத்தி கொழுத்திருக்கும் என்பது உள்ளூர் வாய்ப்பாடு. கையால்தான் சாப்பிட வேண்டும், ஆகவே நமக்குப் பயிற்சி தேவையில்லை. நெத்திலியையும் மாவில் புரட்டிப் பொரித்துத் தருவார்கள்; மாலகாக்காரர்களுக்கே 'நெத்திலிகள்' என்ற பட்டப்பெயர் உண்டு. மிளகாய் என்பது சுத்தமாக இருக்காது.

சைவ உணவுக்காரர்கள்தான் சற்று விவரமாகத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் இறைச்சி ஒளிந்திருக்கும். பன்றித் தொடையை உப்பிட்டு உலர்த்திய ஹாமோனை 'இறைச்சி' என்ற கணக்கில் பலர் சேர்ப்பதில்லை. "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மேலே ஹாமோன் துணுக்குகளைத் தூவித் தருவார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது அலங்காரம். பருப்புக் குழம்பும் கொண்டைக்கடலைக் குழம்பும் பன்றி எலும்போடு வெந்ததாக இருக்கலாம். 'வெஜெதால்' என்று எழுதியிருந்த சாண்ட்விச்சை நம்பி அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தோம். உள்ளே லெட்டூஸ், தக்காளியோடு சூரை மீன் இருந்தது. அந்தச் சொல்லுக்கு அங்கே "காய்கறியும் இருக்கிறது" என்றுதான் அர்த்தம் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டோம். அம்மா அதற்குப் பிறகு இரண்டு நாட்கள் பழத்தைத் தவிர எதையும் தொடவில்லை.

எனவே முழு வாக்கியமாகச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்: "நோ கோமோ கார்னே, நி பெஸ்காதோ, நி ஹாமோன்." இறைச்சி, மீன், ஹாமோன் எதுவும் உண்ண மாட்டேன் என்பது பொருள். முட்டையும் கூடாதென்றால் "நி உவேவோ" என்று சேர்த்துக்கொள்ளலாம். இதைச் சொன்ன பிறகு கேட்கத் தக்கவை பல உண்டு. தக்காளியை அரைத்துக் குளிரவைத்த கஸ்பாச்சோவை நம் ரசத்தின் குளிர்ந்த உறவினர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்திரிக்காயைச் சீவிப் பொரித்து மேலே கரும்புப் பாகு ஊற்றித் தரும் பெரென்ஹேனாஸ் இன்னொன்று. அதைவிட, மாலகாவுக்கே உரிய 'அஹோபிளாங்கோ' என்ற வெள்ளைச் சூப்பைத் தவறவிடக் கூடாது: பாதாமும் பூண்டும் பழைய ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து அரைத்து, சில்லென்று வைத்து, மேலே இனிப்பான திராட்சைகளைப் போட்டுத் தருவார்கள். பூண்டோடு திராட்சையா என்று முகம் சுளிக்க வேண்டாம். தயிர்சாதத்தில் திராட்சை போட்டுச் சாப்பிடுகிற நமக்கு அந்தச் சேர்க்கை இரண்டாவது கரண்டியில் புரிந்துவிடும். கஸ்பாச்சோவின் தடித்த வகையான சல்மொரேஹோவை வாங்கும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. அதன் தலையில் முட்டையும் ஹாமோனும் வரும்.

வார நாட்களின் மதியத்தில் 'மெனு தெல் தீயா' என்று பலகை வைத்திருக்கும் கடையைத் தேடுங்கள். முதல் தட்டு, இரண்டாம் தட்டு, இனிப்பு, ரொட்டி, ஒரு பானம் எல்லாம் ஒரே விலையில் கிடைக்கும்; நம் அளவுச் சாப்பாட்டின் அண்ணன் என்று கொள்ளலாம். குடிநீருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. "அகுவா தெல் கிரிஃபோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

காபி தனிக் கதை. "ஸ்ட்ராங்காக ஒன்று, லைட்டாக ஒன்று, சர்க்கரை தூக்கலாக ஒன்று" என்று சொல்லிப் பழகிய நமக்கு மாலகா உடன்பிறந்த ஊர். 1950-களில் அங்கிருந்த கஃபே சென்ட்ரால் என்ற கடை, வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விகிதத்தில் காபி கேட்பதைச் சமாளிக்க, டிகாஷனுக்கும் பாலுக்கும் உள்ள அளவை வைத்தே பெயர்களை வகுத்துவிட்டது. பாலே இல்லாதது 'சோலோ', சரிபாதி 'மித்தாத்', பால் மிகுந்து காபி கொஞ்சமாக இருப்பது 'சோம்ப்ரா', அதாவது நிழல். பாலில் காபி வெறும் வாசனையாக மிதப்பது 'நூபே', அதாவது மேகம். பட்டியலின் பத்தாவது படம் காலிக் கண்ணாடி டம்ளர். அதன் பெயர் "எனக்கு ஊற்ற வேண்டாம்". கடை 2022-இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் பெயர்கள் ஊர் முழுக்க வழங்குகின்றன. எந்தக் கடையிலும் 'மித்தாத்' என்றால் நம் டிகிரி காபியின் அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். மணம்தான் வேறு, சிக்கரி கிடையாது.

பேச்சைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். தமிழ் தெரிந்தவருக்கு ஸ்பானிய உச்சரிப்பு எளிது. ஆங்கிலம் பேசுகிறவர்களைத் தடுமாறவைக்கும் ஒலி நம் ஞகரம்தான். எஸ்பாஞா என்றே தங்கள் நாட்டைச் சொல்கிறார்கள். 'பெரோ' என்றால் "ஆனால்", 'பெறோ' என்றால் "நாய்". சென்னையில் நாம் ரகரத்தையும் றகரத்தையும் ஒன்றாக்கிவிட்டோம். நாகர்கோவில்காரர் யாராவது கூட வந்தால் அவரைப் பேச விடுங்கள்.

கடலில் இறங்குவது

சென்னைக் கடல் எப்போதும் வெதுவெதுப்பாகவே இருப்பதால், அந்த நினைப்பில் ஓடிப்போய்க் குதித்தால் மூச்சு நின்றுவிடும். ஜிப்ரால்டர் நீரிணை வழியே அட்லாண்டிக்கின் குளிர்ந்த நீர் இக்கடலுக்குள் வந்துகொண்டே இருக்கிறது. ஆகஸ்டில்கூட 22, 23 டிகிரிதான் இருக்கும். கால், முட்டி, வயிறு என்று படிப்படியாக இறங்குங்கள். அலை நம்முடையதைப் போல ஆளை இழுக்காது என்றாலும் கொடியைப் பார்க்காமல் இறங்க வேண்டாம்: பச்சை என்றால் போகலாம், மஞ்சள் என்றால் கரையோரம் மட்டும், சிவப்பு என்றால் கூடாது. நகரத்தில் மாலகெத்தா கடற்கரை வசதியானது. பெத்ரெகாலெஹோவின் சிறு வளைகுடாக்கள் குழந்தைகளுக்கு ஏற்றவை. பெண்கள் மேலாடையின்றிப் படுத்திருப்பதும், முழு உடையில் ஒரு பாட்டி அமர்ந்து பின்னிக்கொண்டிருப்பதும் அங்கே பக்கம் பக்கமாக நடக்கும். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு நின்ற அம்மாவையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கேமராவை மட்டும் கடலை நோக்கியே வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டையும் பிக்காசோவும்

பாப்லோ பிக்காசோ 1881 அக்டோபர் 25-இல் மாலகாவின் மெர்செத் சதுக்கத்து வீடொன்றில் பிறந்தார். முதலில் அந்த வீட்டுக்குப் போங்கள். ஓவிய ஆசிரியராக இருந்த அவருடைய தந்தை புறாக்களை விரும்பி வரைந்தவர். சதுக்கத்தில் இன்றும் புறாக்கள் இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டுச் சிறிது தூரம் நடந்து, புவெனவிஸ்தா அரண்மனையில் 2003-இல் திறக்கப்பட்ட பிக்காசோ அருங்காட்சியகத்துக்குச் சென்றால் படங்கள் வேறு மாதிரி தெரியும். அதன் நிலவறையில், பண்டைய கடல் வணிகர்களான பினீசியர் காலத்துச் சுவர்களும் காணக் கிடைக்கின்றன. இன்னும் பல அருங்காட்சியகங்கள் இந்நகரில் உண்டு. எல்லாவற்றையும் பார்க்க முயல்வது வீண் களைப்பு. துறைமுகத்தில் வண்ணக் கண்ணாடிக் கனசதுரமாக நிற்கும், பாரிஸ் நவீன கலைக் காட்சியகத்தின் கிளையான பொம்பிதூ மையத்தை வெளியிலிருந்து பார்த்தாலே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அல்கசாபா என்ற பதினோராம் நூற்றாண்டு முஸ்லிம் அரசர்களின் கோட்டையை விட்டுவிட வேண்டாம். அடிவாரத்தில் 1951-இல் வெளிப்பட்ட ரோமானிய நாடக அரங்கு. அதன் தூண்களையே பெயர்த்துக் கோட்டை வாயில்களில் வைத்திருக்கிறார்கள். ஞாயிறு பிற்பகலில் கோட்டைக்கும், அன்றே மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் பிக்காசோ அருங்காட்சியகத்துக்கும் இலவச அனுமதி தருவது வழக்கம். வரிசை நீளமாக இருக்கும். அருகிலுள்ள தேவாலயத்துக்கு ஒரு கோபுரம்தான் முடிந்தது, மற்றது பாதியில் நின்றுவிட்டது. ஊர்க்காரர்கள் அதை 'ஒற்றைக் கைக்காரி' என்று செல்லமாக அழைக்கிறார்கள்.

ஃப்ளமெங்கோ: கையில் தாளம் போட்டபடி

மார்கழிக் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கரையில் கிடைக்கும் மிகப் பெரிய இன்பம் இதுவே என்பேன். 2010-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக அறிவித்த ஃப்ளமெங்கோவை, விருந்தோடு சேர்த்து விற்கும் சுற்றுலா அரங்குகளில் பார்த்தால் ஆட்டமும் பாவாடையும்தான் தெரியும். அதன் உயிர் பாட்டில் இருக்கிறது. அதைக் கேட்க 'பேஞா' என்ற ரசிகர் சங்கங்களைத் தேடிச் செல்ல வேண்டும். நம் சபாக்களின் சிறிய வடிவம் அவை. மாலகாவில் 1958-இல் தொடங்கிய ஹுவான் பிரேவா பேஞா இன்றும் இயங்குகிறது.

போவதற்கு முன் ஒரே ஒரு தாளத்தைப் பழகிக்கொள்ளுங்கள். 'புலெரியாஸ்' என்ற வகை பன்னிரண்டு அட்சரம் கொண்டது. ஆனால் அழுத்தம் சமமாக விழாது. மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு என்று விழும். "தகிட தகிட தக தக தக" என்று வாய்க்குள் சொல்லித் தொடையில் தட்டிப் பாருங்கள், அதுதான் கணக்கு. வேகத்தைக் கூட்டிச் சொன்னால் ஆடுபவரின் குதிகால் எங்கே விழப்போகிறது என்பது முன்கூட்டியே தெரியத் தொடங்கும். ஆனால் அதை உரக்கத் தட்டிவிடாதீர்கள். கைத்தட்டல் அங்கே பக்கவாத்தியம். மேடையில் அதற்கென்றே ஆட்கள் உண்டு. ரசிகருக்கு உரியது "ஓலே" என்ற ஒற்றைச் சொல். நாம் "பேஷ்" என்று சொல்லும் இடத்தில், அதாவது ஒரு சங்கதி வந்து சமத்தில் உட்காரும் கணத்தில், அதைச் சொல்லலாம். இடம் தவறினால் சபையே திரும்பிப் பார்க்கும்.

இது கதக்கிலிருந்து வந்தது, பரதநாட்டியத்திலிருந்து வந்தது என்றெல்லாம் நம்மவர்கள் அங்கேயே அடித்துச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஃப்ளமெங்கோவை வளர்த்த ஹித்தானோ மக்களின், அதாவது ஸ்பெயினின் ஜிப்ஸி இனத்தவரின், முன்னோர் வட இந்தியாவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் புறப்பட்டவர்கள் என்பது உண்மை. ஆனால் அந்தக் கலை அண்டலூசியாவின் மண்ணில், அந்நாட்டின் பல இசைகள் கலந்து உருவானது. உறவு கொண்டாடலாம், உரிமை கொண்டாட வேண்டாம்.

திருவிழா நாட்கள்

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் போக முடிந்தால் அறை வாடகை ஏறினாலும் போங்கள். மயிலாப்பூர் அறுபத்து மூவரைப் பார்த்தவருக்கு அங்கே நடப்பது எதுவும் அந்நியமாகத் தோன்றாது. பங்குனிப் பெருவிழா நடக்கும் அதே பருவத்தில்தான் பெரும்பாலும் அதுவும் வரும். துயருறும் மாதாவின் திருவுருவத்தையும் சிலுவை சுமக்கும் இயேசுவின் திருவுருவத்தையும் வெள்ளி, மெழுகுவர்த்தி, பூக்களால் அலங்கரித்த பெரும் பீடங்களில் வைத்து, இருநூறுக்கும் மேற்பட்டோர் தோளில் சுமந்து வருகிறார்கள். சில பீடங்கள் பல டன் எடையுள்ளவை. முன்னே நிற்பவர் மணியடித்தால் தூக்க வேண்டும், மறுபடி அடித்தால் இறக்க வேண்டும். நம் ஸ்ரீபாதந்தாங்கிகளைப் போலவே அவர்களும் ஒரு தனி அசைவோடு, ஒரே காலடியில் நடக்கிறார்கள். கூம்புத் தொப்பியால் முகத்தை மூடி வருபவர்களைக் கண்டு அமெரிக்காவின் கு க்ளக்ஸ் க்ளான் என்ற நிறவெறிக் கும்பலின் நினைவு வந்து பயப்பட வேண்டாம். அது நூற்றாண்டுகள் பழைய பாவ மன்னிப்பு உடை. சிறுவர்கள் அவர்களிடம் மெழுகை ஒழுகவிட்டுப் பந்தாக உருட்டிச் சேர்ப்பார்கள். நாற்காலிக்குக் காசு கொடுக்காமல் குறுகலான சந்து முனை ஒன்றில் நிற்பது மேல். பீடம் திரும்பும்போது கூட்டமே மூச்சை அடக்கிக்கொள்ளும்.

ஜூன் 23 இரவு கடற்கரை முழுக்கச் சொக்கப்பனை எரியும். கந்தல் துணிப் பொம்மைகளைச் செய்து அதில் போடுவார்கள், நள்ளிரவில் கடலில் முகம் கழுவுவார்கள். போகிதான், புகை சற்றுக் குறைவு. ஜூலை 16-இல் மீனவர்கள் கார்மென் மாதாவைத் தோளில் சுமந்து வந்து படகேற்றிக் கடலுக்குள் கொண்டுபோகிறார்கள். மாசி மகத்தன்று சாமிகள் கடலாடுவதைக் கண்டவர்கள் எல் பாலோ கரையில் போய் நின்றுகொள்ளலாம். ஆகஸ்ட் நடுவில் வரும் ஃபெரியா ஒரு வாரக் கொண்டாட்டம். பகலில் நகர மையத்தில் ஆடலும் மதுவும், இரவில் புறநகர் மைதானத்தில் ராட்டினங்கள். எனக்கு இரண்டு மணி நேரம் போதுமானதாக இருந்தது.

எருதுச் சண்டையை ஜல்லிக்கட்டோடு ஒப்பிட்டு ஆர்வத்தோடு டிக்கெட் வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அங்கே காளை கொல்லப்படும். மாலகா மாகாணத்து மலையூரான ரோண்டாவின் 1785-ஆம் ஆண்டு எருதுச் சண்டை அரங்கை ஆளில்லாத பகலில் சுற்றிப் பார்ப்பதோடு நான் நிறுத்திக்கொண்டேன்.

ஒருநாள் பயணங்கள்

அதே ரோண்டாவில் ஏறத்தாழ நூறு மீட்டர் ஆழப் பள்ளத்தாக்கின் குறுக்கே 1793-இல் கட்டி முடித்த பாலம் இருக்கிறது. மேலிருந்து பார்ப்பதைவிடக் கீழே இறங்கிப் பார்ப்பது சிறப்பு. மலை இடுக்கின் செங்குத்துச் சுவரில் தொங்கும் பலகைப் பாதையான கமினித்தோ தெல் ரேய் 2015-இல் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. தலைக்கவசம் தருவார்கள், எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதியில்லை. தலைசுற்றல் உள்ளவர்கள் வெட்கப்படாமல் ஒதுங்கிக்கொள்ளலாம். கிரனாடா நகரில் முஸ்லிம் அரசர்கள் கட்டிய அரண்மனைக் கோட்டையான அல்ஹம்ப்ராவுக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போல ஆகும். இந்த இரண்டுக்கும் சென்னையிலிருந்து கிளம்பும் முன்பே டிக்கெட் எடுத்துவிடுங்கள். அல்ஹம்ப்ராவின் நஸ்ரித் அரண்மனைக்குள் நுழையும் நேரம் டிக்கெட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கும், தவறினால் விட மாட்டார்கள். டிக்கெட் உங்கள் பெயரில் இருக்கும் என்பதால் பாஸ்போர்ட்டையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

ஒரே ஒரு நாள்தான் மிச்சம் என்றால் கிழக்கே நெர்ஹாவுக்குப் போங்கள். 1959-இல் ஐந்து சிறுவர்கள் வௌவால் தேடிப் போய்க் கண்டுபிடித்த குகை அங்கே இருக்கிறது. உள்ளே 32 மீட்டர் உயரச் சுண்ணாம்புத் தூண் ஒன்று நிற்கிறது. வழிநெடுக மாந்தோப்புகளைக் காண்பீர்கள். ஆம், மாம்பழமேதான், செப்டம்பர், அக்டோபரில் சந்தைக்கு வரும். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பங்கனப்பள்ளியை நினைத்துக்கொண்டு கடிக்காதீர்கள்.

நெர்ஹாவிலிருந்து மலைமேல் சில கிலோமீட்டரில் ஃப்ரிஹிலியானா என்ற வெள்ளைச் சுவர் கிராமம் இருக்கிறது. அங்கே ஒரு பழைய மாளிகையில் இன்றும் கரும்புப் பாகு காய்ச்சுகிறார்கள். கத்திரிக்காய் மேல் ஊற்றுவது அதைத்தான். கறுத்து, மினுங்கி, அடியில் லேசான கசப்போடு, நம் வெல்லப்பாகு கம்பிப் பதத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் இறக்கியதைப் போல இருக்கும். இரண்டு புட்டி வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் முதல் புட்டி அடைத் தோசைக்கே தீர்ந்துபோயிற்று.